திருநெல்வேலி வெயிலில் பின்னலும் கைநூற்பும்: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

நம்ம ஊரில் இருந்துகொண்டு பின்னல் கற்றுக்கொள்ளப் போகிறேன், தக்ளியில், அதாவது கையால் சுண்டிச் சுற்றும் நூற்புக் குச்சியில், நூல் நூற்கப் போகிறேன் என்று சொன்னால் வீட்டில் தொடங்கி ஆட்டோ ஓட்டும் அண்ணாச்சிவரை எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்பார்கள்: "இந்த வெயிலுக்குக் கம்பளியா?" கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் தெரிந்துகொண்டு தொடங்கினால் பாதிக் கஷ்டம் இல்லை. நான் தொடங்கியபோது எந்தக் கடையில் நூல் கிடைக்கும், ஊசி நம்பர் என்றால் என்ன, ஆட்டு ரோமத்துக்கு யாரைப் பார்ப்பது என்று ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு தெருவாக அலைந்தேன். இணையத்தில் இருக்கும் வீடியோக்கள் எல்லாம் குளிர் நாட்டுக்காரர்களுக்காகச் செய்தவை. ஈரக்கை, போர் தண்ணீர், ஐப்பசி மழை எதுவும் அவர்களுக்குப் பிரச்சினை இல்லை. நமக்கு உண்டு. அதனால் பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம், வள்ளியூர் என்று இந்தப் பக்கம் இருக்கும் ஒருவர் எந்த வரிசையில் போனால் காசும் நாளும் வீணாகாது என்பதை எழுதுகிறேன்.

வரிசை இதுதான்: முதலில் பருத்தி நூலில் பின்னல், அப்புறம் தக்ளியில் நூற்பு, கடைசியில்தான் கம்பளி.

1. முதல் நூல் பருத்தியாக இருக்கட்டும்

சித்திரை மதியத்தில் கம்பளி நூலைக் கையில் பிடித்து அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். விரல் வேர்த்து, நூல் ஊசியில் ஒட்டி நகராமல் நிற்கும். கற்றுக்கொள்ளும் நேரத்தில் நூல் நகரவில்லை என்றால் கோளாறு கையிலா நூலிலா என்றே தெரியாது. பருத்தி வேர்வையை உறிஞ்சும், கண்ணி (ஊசியில் விழும் ஒவ்வொரு வளையமும்) தெளிவாகத் தெரியும், தப்பு வந்தால் பத்துத் தடவை பிரித்துப் பின்னினாலும் தாங்கும். பின்னி முடித்த சாமானும் அன்றைக்கே வீட்டில் புழங்கும்.

பாத்திரம் துடைக்கும் துணி, சூடான சட்டியை இறக்கும் கைப்பிடித் துணி, காய்கறிப் பை, இந்த மூன்றையும் முதலில் செய்யுங்கள். கைப்பிடித் துணியை மட்டும் அக்ரிலிக் நூலில் செய்யவே கூடாது. அடுப்புப் பக்கம் போனால் உருகிக் கையில் ஒட்டும்.

அப்படியென்றால் நெல்லையில் கம்பளிக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. மார்கழி அதிகாலையில் கோயிலுக்குப் போகும் தாத்தாவுக்கு மப்ளர் வேண்டும். குற்றாலத்தில் சாரல் அடிக்கும் ஆனி, ஆடியில் குளித்துவிட்டு வரும் பிள்ளைக்குக் குல்லா வேண்டும். வடக்கே ராணுவத்தில் இருக்கும் மச்சானுக்கு, பெங்களூரில் பேறுகாலத்துக்குக் காத்திருக்கும் மதினிக்கு, கனடாவில் இருக்கும் அண்ணன் பிள்ளைக்கு என்று வீட்டுக்கு ஒருத்தராவது குளிர்ப் பக்கம் இருக்கிறார்கள். கம்பளியை அவர்களுக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

2. நூல் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

டவுன் ரத வீதிகளிலும் வண்ணார்பேட்டையிலும் பாளை மார்க்கெட் பக்கமும் இருக்கும் ஃபேன்சி ஸ்டோர்கள், தையல் சாமான் கடைகளில் கேட்டால் "உல்லன் நூலா?" என்று எடுத்துப் போடுவார்கள். அந்தப் பேரை நம்பி வாங்காதீர்கள். பெரும்பாலும் அது அக்ரிலிக், அதாவது பெட்ரோலியத்திலிருந்து செய்யும் செயற்கை இழை. ஆடு சம்பந்தப்பட்டது எதுவும் அதில் இருக்காது. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று நினைக்க வேண்டாம், மொத்த வியாபாரத்திலேயே அப்படித்தான் சொல்கிறார்கள். லேபிளைத் திருப்பி, என்ன இழை எத்தனை சதவீதம் என்று படியுங்கள்.

லேபிள் இல்லாத நூல் என்றால் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியால் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே வைத்துக் கொளுத்திப் பாருங்கள். ஆட்டுக் கம்பளி என்றால் முடி கருகும் வாசம் வரும், தீயை விலக்கினால் தானே அணையும், மிஞ்சும் கரியை நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கருப்புப் புகை விடும், ஆறியதும் முனையில் கெட்டியான உருண்டை இருக்கும். பருத்தி காகிதம் எரியும் வாசத்தோடு மளமளவென்று எரிந்து மெல்லிய சாம்பலாகும். கலப்பு நூலில் இரண்டு குணமும் கலந்து வரும்.

விலை கடைக்குக் கடை மாறும், ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். 100 கிராம் அக்ரிலிக் 60 முதல் 120 ரூபாய், பின்னலுக்கான பருத்தி 150 முதல் 250. உண்மையான மெரினோ, அதாவது மெல்லிய ஆட்டுக் கம்பளி என்றால் 50 கிராம் கண்டுக்கே 250க்கு மேல் போகும். யாராவது மெரினோவை அக்ரிலிக் விலைக்குக் கொடுத்தால் கொளுத்திப் பார்க்காமல் வாங்காதீர்கள். வர்த்மான், ஓஸ்வால் போன்ற லூதியானா நூல்கள் அந்த ஊரில் கூடுதல் வகையில் கிடைக்கும். லீவுக்கு வரும் ராணுவக்காரர்களிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்ல வழி. வெறுமனே "நூல் வாங்கிட்டு வாங்க" என்று சொன்னால் கைக்கு வந்ததை வாங்கி வருவார்கள், அதனால் இழை, தடிமன், நிறம், எத்தனை கண்டு என்று எழுதி அனுப்புங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. லேபிளில் சாய லாட் எண் என்று ஒன்று அச்சிட்டிருக்கும். ஒரே நிறம், ஒரே கம்பெனி என்றாலும் லாட் மாறினால் சாயம் ஒரு மாத்து ஏறியோ இறங்கியோ இருக்கும். கடை வெளிச்சத்தில் தெரியாது, பின்னி முடித்துத் திண்ணையில் விரித்தால் கோடு போட்டதுபோல் தெரியும். ஒரு ஸ்வெட்டருக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே லாட்டில் ஒரே தடவை வாங்குங்கள். குழந்தைக் குல்லாவுக்கு 50 கிராம், மப்ளருக்கு 150 முதல் 200, பெரியவர் ஸ்வெட்டருக்கு 400 முதல் 600 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கண்டு கூடுதலாக வாங்கி பில்லைப் பத்திரப்படுத்துங்கள். பிரிக்காத கண்டைத் திரும்ப எடுப்பீர்களா என்று காசு கொடுக்கும் முன்னாலேயே கேட்டுவிடுங்கள்.

3. ஊசி நம்பர்

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நம்ம கடைகளில் பின்னல் ஊசியை "8 நம்பர்", "10 நம்பர்" என்று கேட்பது பழைய இங்கிலாந்துக் கணக்கு. அதில் நம்பர் கூடக் கூட ஊசி மெலியும். 8 நம்பர் என்றால் 4 மில்லிமீட்டர், 10 என்றால் 3.25, 6 என்றால் 5. அமெரிக்கக் கணக்கு நேர்மாறு, நம்பர் கூடினால் ஊசி தடிக்கும், அங்கே 8 என்றால் 5 மில்லிமீட்டர். யூடியூபில் ஒரு அமெரிக்க அம்மா 8 என்று சொல்வதைக் கேட்டு இங்கே 8 வாங்கினால் குல்லா தலையில் ஏறாது. நம்பரை மறந்துவிட்டு மில்லிமீட்டரைக் கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டாலும் ஊசியிலோ உறையிலோ பெரும்பாலும் எழுதியிருக்கும்.

குரோஷா, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியில் பின்னுபவர்களுக்கு இன்னொரு பொறி. அமெரிக்கப் பாடத்தில் சிங்கிள் குரோஷே என்பதை இங்கிலாந்துப் பாடத்தில் டபுள் குரோஷே என்பார்கள். எந்த நாட்டுப் பாடம் என்று முதல் பக்கத்திலேயே பார்த்துவிட்டு ஊசியை எடுங்கள்.

தொடங்குவதற்கு 4 அல்லது 4.5 மில்லிமீட்டர் ஊசி ஒரு ஜோடி போதும். போனி ஊசிகள் நீலகிரியில் கேத்தியில் செய்யப்படுபவை, தையல் சாமான் கடைகளில் கிடைக்கும். வேர்க்கும் கைக்கு அலுமினிய ஊசியைவிட மூங்கில் ஊசி சௌகரியம், சூட்டில் வழுக்காது. விலை ஜோடி 100 ரூபாயை ஒட்டி இருக்கும். பத்து சைஸ் அடங்கிய பெட்டியை முதல் மாதமே வாங்க வேண்டாம், அதில் ஏழு சைஸ் தூங்கும்.

4. கற்றுத்தர ஆள் தேடுவது

வீடியோவில் கற்கலாம், ஆனால் பக்கத்தில் ஒருத்தர் உட்கார்ந்து உங்கள் கையைத் திருத்துவது வேறு. நம்ம பக்கம் அதற்குக் குறைவில்லை. பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிப் படித்த, 60 வயதைத் தாண்டிய டீச்சர்கள், கன்னியாஸ்திரீகள் நடத்தும் தையல் பள்ளிகளில் படித்த அக்காமார் என்று குரோஷாவும் பின்னலும் தெரிந்தவர்கள் தெருவுக்கு ஒருத்தர் இருப்பார்கள். யாரும் கேட்காததால் சொல்லாமல் இருப்பார்கள். எங்கள் தெருவில் ரிட்டையரான டீச்சர் ஒருத்தர், முதல் நாளே என் கையில் இருந்ததை வாங்கி வரிசையை விரல்நுனியால் தடவி எண்ணிப் பார்த்துவிட்டு, "கண்ணிய எண்ணாம அடுத்த வரிசைக்குப் போகக் கூடாது, கேட்டியா" என்றார். அதைவிடப் பெரிய பாடம் இன்னும் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

காசு கொடுத்துப் படிப்பதாக இருந்தால் சேரும் முன்னால் மூன்று விஷயம் கேளுங்கள்: நூலும் ஊசியும் கட்டணத்தில் அடக்கமா, ஒரு வகுப்பில் எத்தனை பேர், கடைசியில் எந்தச் சாமானை முழுதாக முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம். மூன்றாவதுக்குப் பதில் இல்லாத வகுப்பு வேண்டாம். சான்றிதழ் தருகிறோம் என்பதற்காகச் சேர வேண்டாம், பின்னால் விற்பதற்காக அரசின் கைவினைஞர் அட்டை வாங்கப் போகும்போது கைவேலையைத்தான் பார்க்கிறார்கள்.

முதல் மாதத்துக்குக் கண்ணி ஏற்றுவது, நிட் (நேர்க்கண்ணி), பர்ல் (மறுபக்கக் கண்ணி), கண்ணி முடிப்பது இந்த நான்கு மட்டும் போதும். 30 கண்ணி ஏற்றி, எல்லா வரிசையும் நிட்டாகவே போட்டு ஒரு சதுரம் வந்தால் அது துடைக்கும் துணி. பழகியபின் எதைத் தொடங்கினாலும் முன்னால் ஒரு சாண் சதுரம் மாதிரி பின்னி, நனைத்து, காயவைத்து, 10 சென்டிமீட்டருக்குள் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். நடுத்தர நூலுக்கும் 4 மில்லிமீட்டர் ஊசிக்கும் 22 கண்ணியை ஒட்டி வரும். உங்களுக்கு 26 வந்தால் இறுக்கிப் போடுகிறீர்கள் என்று அர்த்தம், கையை மாற்றப் பார்க்காமல் ஒரு சைஸ் தடித்த ஊசிக்கு மாறுங்கள்.

5. தக்ளி: அம்பையில் கடைந்து வாங்கலாம்

நூற்பு என்றதும் ராட்டை வாங்க ஓடாதீர்கள். ராட்டை ஆயிரக்கணக்கில் ஆகும், இடமும் அடைக்கும். ஒரு குச்சியும் ஒரு வட்டும் போதும். காதி கடைகளிலும் சர்வோதய சங்கங்களிலும் தக்ளி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், சில நேரம் பழைய இருப்பு அகப்படும். கிடைக்கவில்லை என்றால் அம்பாசமுத்திரம் போங்கள். மரச் சொப்புச் சாமான் கடைகிற ஊர் அது. அங்கே கடைசல் பட்டறையில் தக்ளி என்று சொன்னால் யோசிப்பார்கள், நீளக் குச்சி வைத்த பம்பரம் என்று சொல்லுங்கள், உடனே பிடித்துக்கொள்வார்கள்.

அளவைத் தாளில் வரைந்து கொண்டுபோவது அவசியம். கம்பளிக்குத் தொங்கவிட்டுச் சுற்றும் தக்ளி: குச்சி 10 முதல் 12 அங்குலம், தடிமன் 8 முதல் 10 மில்லிமீட்டர், வட்டு இரண்டரை அங்குல அகலம், மொத்த எடை 30 முதல் 40 கிராம். பருத்திக்கு இதில் பாதி எடை, 15 முதல் 20 கிராம் போதும், குச்சியின் அடிமுனை கூராக இருக்க வேண்டும். மேல்முனையில் நூலை மாட்ட ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சின்னத் திருகு கொக்கி ஒன்று, ஐந்து ரூபாய். பட்டறையிலேயே சுற்றிப் பார்த்து வாங்குங்கள். சமதரையில் நிறுத்திச் சுண்டினால் ஆடாமல் நின்று சுற்ற வேண்டும். வட்டு ஒரு பக்கம் கனமாக இருந்தால் தலையாட்டும், அதை அப்போதே திருப்பிக் கொடுத்தால் மறுபடி கடைசலில் ஏற்றி ஒரு சீவு சீவித் தருவார்கள்.

ஒன்றே ஒன்று கேட்டால் கூலி அதிகமாகப்படும். மரத்தை ஏற்றி இறக்கும் நேரம் ஒன்றுக்கும் பத்துக்கும் ஒன்றுதானே. நாலைந்து பேர் சேர்ந்து சொன்னால் 100 முதல் 200 ரூபாய்க்குள் ஒன்று முடியும். திருவிழா, கொலு நெருங்கும் நாள்களில் அவர்களுக்குச் சொப்பு வேலை குவிந்திருக்கும், அப்போது போனால் இழுபடும்.

6. கரிசல் பருத்தியில் நூற்பது

கையருகில் இருக்கும் நல்ல இழை பருத்திதான். கோவில்பட்டி, விளாத்திகுளம் பக்கத்துக் கரிசலில் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி உண்டு. மானாவாரியில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து மாசி, பங்குனியில் எடுப்பார்கள். அந்த நேரத்தில் அந்தப் பக்கம் யாராவது தெரிந்தவர் இருந்தால் ஒன்றிரண்டு கிலோ கேட்டு வாங்கிவையுங்கள். மெடிக்கல் ஷாப் பஞ்சு வேண்டாம், வெளுத்து மெழுகு போன இழை நூற்க வராது. தலையணைப் பஞ்சும் வேண்டாம், இலவம் பஞ்சு வழுக்கும், முறுக்கு ஏறாது.

கொட்டையை எடுக்க வழவழப்பான பலகை மேல் சுளையை வைத்து, ஒரு இரும்புக் கம்பியை அழுத்தி உருட்டுங்கள். கொட்டை முன்பக்கமாகத் துள்ளி வெளியே வரும், பஞ்சு கம்பிக்குப் பின்னால் நிற்கும். அப்புறம் பஞ்சைக் கையால் நன்றாக உதிர்த்து, ஊசியில் சுருட்டி விரல் தடிமன் திரியாக உருட்டி வையுங்கள். மின்விசிறியை அணைத்துவிட்டுச் செய்ய வேண்டிய வேலை இது.

கருங்கண்ணி குட்டை இழை. குட்டை இழைக்கு முறுக்கு அதிகம் வேண்டும், எடை குறைவாக இருக்க வேண்டும். தக்ளியைத் தொங்கவிட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் சிரட்டைக்குள் தக்ளியின் முனையை ஊன்றி, வலது கையால் கடிகாரச் சுற்றில் சுண்டிவிட்டு, இடது கையில் திரியைப் பிடித்து மெதுவாகப் பின்னால் இழுங்கள். முறுக்கு விரலுக்கு வந்து சேரும் முன்னால் இழுத்தால் அறும், வந்தபின் இழுத்தால் இழையாது, முடிச்சாக நிற்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு நொடி இருக்கிறது. அந்த நொடி கைக்குத் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், தினமும் கால் மணி நேரம் உட்கார்ந்தால் நிச்சயம் வரும். அறுந்தால் அறுந்த முனையில் கொஞ்சம் பஞ்சை விரித்துச் சேர்த்துச் சுண்டுங்கள், முடிச்சுப் போடாதீர்கள்.

இரண்டு இழை சேர்ந்ததும் அவற்றை ஒன்றாகப் பிடித்து எதிர்ச்சுற்றில் முறுக்குங்கள். ஒற்றை இழையில் பின்னினால் துணி ஒரு பக்கமாகச் சாயும். முறுக்கியதைச் சிட்டமாகச் சுற்றி நாலு இடத்தில் கட்டி, கொஞ்சம் சோப்புப் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிடுங்கள். மெழுகு இறங்கித் தண்ணீர் பழுப்பாகும், முறுக்கும் நின்றுவிடும்.

7. கம்பளி எங்கே கிடைக்கும்

அறுவடை முடிந்த வயலில் கிடை போட வரும் கீதாரியிடம் கேட்டால் கம்பளி கிடைக்கும் என்று நானும் போய்க் கேட்டேன். "ஏம்மா, நம்ம ஆட்டுல கம்பளி ஏது? வெறும் ரோமம்லா" என்றார் அவர். அதுதான் உண்மை. கீழக்கரிசல் ஆடும், பொட்டு ஆடு என்கிற வேம்பூர் ஆடும் கறிக்காக வளர்க்கப்படுபவை. அவற்றின் ரோமம் குட்டை, நேர், வழவழப்பு. கம்பளி இழையில் இருக்கும் நெளிவு அதில் கிடையாது. நெளிவு இருந்தால்தான் ஒன்றோடொன்று பிடித்து நூலாக நிற்கும். அந்த ரோமத்தை மூட்டையாக யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம்.

தமிழ்நாட்டில் நல்ல கம்பளி தரும் ஆடு நீலகிரி இனம். ஊட்டி பக்கம் சாண்டிநல்லாவில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையத்தில் அதை வளர்க்கிறார்கள். எண்ணிக்கை குறைந்துவரும் இனம், சில்லறையாகக் கேட்டவுடன் கிடைக்கும் சரக்கு கிடையாது. ஊட்டி போகும்போது அந்தப் பக்கம் விசாரியுங்கள். கர்நாடகம், ஆந்திரப் பக்கத்துத் தக்காணி ஆட்டுக் கம்பளி சொரசொரப்பு, விரிப்புக்கும் போர்வைக்கும் ஆகும், கழுத்தில் போட்டால் அரிக்கும்.

முதல் தடவைக்கு ஆன்லைனில் மெரினோ டாப்ஸ் என்று கேட்டு 100 கிராம் வாங்குவதே எளிது. கழுவி, சீவி, திரியாகத் தயாராக வரும். 300 முதல் 500 ரூபாய் ஆகலாம். கழுவாத பச்சைக் கம்பளி மலிவாகத் தெரியும், ஆனால் கொழுப்பும் அழுக்கும் போனால் எடை பாதிவரை குறையும். கிலோ விலையை அப்படியே இரட்டிப்பாக்கிக் கணக்குப் பாருங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதாக இருந்தால் நூலின் விலையோடு தபால் செலவும் சுங்க வரியும் சேரும். பார்சலை விடுவிக்க ஆதார் அல்லது பான் நகலும் வாங்கிய பில்லும் கேட்பார்கள். பரிசாக அனுப்பியது என்று எழுதினாலும் வரி விட்டுப்போகாது. ஊருக்கு வரும் சொந்தக்காரர் பெட்டியில் இரண்டு கண்டு வைத்துக் கொண்டுவருவது எவ்வளவோ மேல்.

8. கழுவுவது, காயவைப்பது, பூச்சி

கம்பளி மூன்று விஷயத்துக்குப் பயப்படும்: திடீர்ச் சூடு, கசக்கல், காரச் சோப்பு. மூன்றும் சேர்ந்தால் இழையின் மேல் இருக்கும் செதில்கள் ஒன்றுக்குள் ஒன்று கொளுவி, பெரியவர் ஸ்வெட்டர் குழந்தை ஸ்வெட்டராகிவிடும், திரும்ப வராது. வாஷிங் மெஷின், சலவை சோடா இரண்டும் ஆகாது. பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிழிந்த வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு, அதே சூட்டில் உள்ள தண்ணீரில் அலசுங்கள். குழாயை நேராக அதன் மேல் திறக்காதீர்கள். பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரத்தை எடுங்கள்.

தாமிரபரணித் தண்ணீர் வரும் ஊர் என்றால் கொடுத்துவைத்தவர்கள். நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துப் போர் தண்ணீர் கடினம், சோப்பு திரிந்து கம்பளியில் பிசுபிசுவென்று ஒட்டும். அங்கே கடைசி அலசலில் ஒரு கரண்டி வினிகர் விடுங்கள், அல்லது மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள்.

காயவைக்கக் கொடியில் தொங்கவிட்டால் ஈர எடைக்கு நீண்டுபோகும். நிழலில் கோரைப்பாயை விரித்து, அளவு பார்த்துச் சமமாகப் பரப்பிக் காயவையுங்கள். காற்று அடியிலும் போகும் என்பதால் இந்த வேலைக்குக் கோரைப்பாய் மாதிரி எதுவும் கிடையாது. சாயம் போட்ட பாய் வேண்டாம், நிறம் ஏறும். பத்தமடைப் பட்டுப்பாயை இதற்கு எடுக்காதீர்கள்.

பச்சைக் கம்பளி வாங்கியிருந்தால் அதைக் கழுவ 60 டிகிரி அளவுக்குச் சூடான தண்ணீர் வேண்டும், இல்லாவிட்டால் கொழுப்பு இளகாது. அந்தச் சூட்டிலும் கிளறாமல் ஊறவிட்டால் ஒன்றும் ஆகாது. இந்த வேலையைச் சித்திரை, வைகாசியில் முடித்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் கழுவினால் நாலு நாளானாலும் நடுப்பகுதி காயாது, பூஞ்சை பிடிக்கும்.

அந்துப்பூச்சிக்கு வேப்பிலையும் வசம்பும் வைப்பார்கள், நானும் வைக்கிறேன். ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். பூச்சிக்குப் பிடித்தது வேர்வையும் உணவுக்கறையும் பட்ட கம்பளி. துவைத்துக் காயவைத்து, காற்றுப் புகாத பையில் கட்டிவைப்பதுதான் காப்பு. ஓட்டை விழுந்தது தெரிந்தால் பையோடு ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள், முட்டையும் புழுவும் சாகும்.

9. வேலைநாளுக்குள் எங்கே இடம்

தனியாக நேரம் ஒதுக்க வேண்டும் என்று நினைத்தால் நேரம் வராது. நூற்பைக் காலையில் வெயில் ஏறும் முன்னால் வையுங்கள், கை உலர்ந்திருக்கும். பின்னலை வழியில் வையுங்கள். நெல்லை ஜங்ஷனில் செங்கோட்டை ரயில் ஏறினால் அம்பை தாண்டித் தென்காசி போவதற்குள் துடைக்கும் துணி ஒன்றில் பாதி வந்துவிடும். ரயிலுக்குக் குரோஷா சிறந்தது, ஒரே ஊசி, இறங்கும் அவசரத்தில் கண்ணி நழுவினாலும் ஒன்றுதான் நழுவும். இரண்டு முனையையும் வளையும் கம்பியால் இணைத்த வட்ட ஊசியும் நல்லது, பக்கத்து சீட்டுக்காரர் விலாவில் இடிக்காது. கணக்குப் போட வேண்டிய டிசைனை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, பையில் எப்போதும் யோசிக்காமல் பின்னக்கூடிய ஒன்றை மட்டும் போடுங்கள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதில் தெளிவாக இருங்கள். தொடக்கத்தில் தக்ளியில் ஒரு மணி நேரத்தில் சில பத்து மீட்டர்தான் வரும். ஒரு சின்னக் குல்லாவுக்கு 100 மீட்டரை ஒட்டி வேண்டும், அதையும் இரட்டை முறுக்கு என்றால் இரண்டு மடங்கு நூற்க வேண்டும். தீபாவளிக்குக் கொடுக்க நினைப்பதை ஆடியிலேயே தொடங்குங்கள்.

10. விற்பதாக இருந்தால் காகிதங்கள்

வீட்டுக்கு மட்டும் என்றால் இதைத் தாண்டிப் போகலாம். விற்க நினைப்பவர்களுக்கு இரண்டு பதிவு உதவும், இரண்டுமே இலவசம்.

ஒன்று, மத்திய ஜவுளி அமைச்சகத்தின் கைவினைப் பொருள்கள் ஆணையரகம் தரும் கைவினைஞர் அடையாள அட்டை. பெஹ்சான் அட்டை என்பார்கள். ஆதார், புகைப்படம், வங்கிப் பாஸ்புக்கின் முதல் பக்கம், ஆதாரோடு இணைந்த செல்போன் வேண்டும். ஆன்லைனில் விண்ணப்பித்தபின் நீங்கள் உண்மையில் அந்தக் கைவேலை செய்கிறீர்களா என்று சரிபார்ப்பார்கள். அதனால் முடித்த சாமான் நாலைந்து, பாதியில் இருக்கும் ஒன்று, ஊசி எல்லாம் தயாராக இருக்கட்டும். மாதக்கணக்கில் ஆகலாம், விண்ணப்ப எண்ணைக் குறித்துவைத்து விசாரித்துக்கொண்டே இருங்கள். அரசுக் கைவினைக் கண்காட்சிகளில் கடை கேட்கும்போது இந்த அட்டையைத்தான் முதலில் கேட்பார்கள்.

இரண்டு, சிறு தொழில் செய்பவர்களுக்கான உத்யம் பதிவு. ஆதாரும் பானும் இருந்தால் அரசுத் தளத்தில் நீங்களே முடிக்கலாம், காகிதம் எதுவும் ஏற்ற வேண்டியதில்லை. தேடினால் முதலில் வரும் தளங்களில் சில அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கடைசிப் பக்கத்தில் ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும். முகவரி ஜிஓவி டாட் இன் என்று முடிகிறதா என்று பாருங்கள். காசு கேட்டால் அது அரசுத் தளம் இல்லை, மூடிவிடுங்கள். ஆதாரில் இருக்கும் பேரும் பானில் இருக்கும் பேரும் ஒரே மாதிரி இல்லாவிட்டால் இந்தப் பதிவு நின்றுபோகலாம். நம்ம ஊரில் இனிஷியல் முன்னும் பின்னுமாக இருப்பது சகஜம், அதை முதலில் சரிசெய்துகொண்டு விண்ணப்பியுங்கள்.

மகளிர் சுய உதவிக் குழுவில் இருப்பவர்கள் மாவட்டத்தில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்தில் பூமாலை வணிக வளாகம் பற்றிக் கேளுங்கள். குழுத் தீர்மானத்தின் நகல், குழு வங்கிக் கணக்கு விவரம் கொண்டுபோனால் இரண்டாவது தடவை அலைய வேண்டாம்.

விலை வைக்கும்போது நூலுக்கான பில்லை எடுத்து, அதோடு உட்கார்ந்த மணி நேரத்தையும் எழுதிக் கூட்டுங்கள். தபாலில் அனுப்பும் பார்சலை முதலில் பாலித்தீனில் சுற்றி அப்புறம் துணியிலோ அட்டையிலோ கட்டுங்கள், ஐப்பசியில் அனுப்பினால் பாலித்தீன் இரண்டு சுற்று. உள்ளே இழை என்ன, எப்படித் துவைக்க வேண்டும் என்று தமிழில் ஒரு துண்டுச்சீட்டு வைத்துவிடுங்கள், வாங்கியவர் முதல் துவைப்பிலேயே மெஷினில் போட்டுவிட்டுப் போன் பண்ணுவது அதோடு நிற்கும்.